ஐந்தாம் மரத்துக்கு அப்பால்: திரைப் பல்விளிம்பு குறித்துப் பகாவ் வட்டாரத்தில் ஓர் ஆய்வு

பாயிரம்

மலேசியாவின் பகாவ் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில், இரவு பத்து மணிக்கு மேல், ஓர் இளைஞர் கணினித் திரையில் தெரியும் பனைமரங்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதே இவ்வாய்வின் தோற்றுவாய். விளையாட்டில் எதிரி சுட்டுக்கொண்டிருக்கிறான். அது அவருக்குப் பொருட்டில்லை. தூரத்து ஓலைகளின் விளிம்பு ரம்பம் போல் இருக்கிறது. இரண்டடி நடந்தால் காடு மொத்தமும் மினுக்மினுக்கென்று துடிக்கிறது.

இதுபற்றி வட்டாரத்தில் மூன்று கொள்கைகள் வழங்குகின்றன. "கார்டு பத்தலை தம்பி, மாத்திடுங்க" என்பது கடைக்காரர் கொள்கை. "எல்லாத்தையும் அல்ட்ராவுல போடுடா" என்பது நண்பர் கொள்கை. "மூஞ்சிய ஒட்ட வச்சிக்கிட்டுப் பார்த்தா அப்படித்தான் தெரியும், தள்ளி உக்காருடா" என்பது அம்மா கொள்கை. மூன்றாவது தொழில்நுட்ப அடிப்படையற்றது என்று தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டது.

நோய் இருவகைப்படும். அசையாத கோட்டில் படிக்கட்டாகத் தெரிவது பல்விளிம்பு. நகரும்போது தோன்றி மறைவது மினுக்கம். முன்னதை மறைப்பது எளிது, பின்னதை அடக்குவது அரிது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதை ஃபிராங்க் குரோ 1977 நவம்பரில் ஓர் அமெரிக்கக் கணினி இதழில் எழுதினார். திரையின் ஒவ்வொரு புள்ளியும் தன் நடுவில் ஒரே ஓர் இடத்தைப் பார்த்து, 'இங்கே இருப்பது ஓலையா, வானமா?' என்று கேட்கிறது. பாதி ஓலை, பாதி வானம் என்ற விடைக்கு அங்கே இடமில்லை. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1974இல், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலத்தின் இலக்கணத்தைக் கணினி வரைகலை இதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார். ஒப்புநோக்கத் தக்க செய்தி இது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளுக்கு இடையே வளைந்து போகும். திரையில் 'இடையே' என்று ஓர் இடமே கிடையாது.

அளவையியல்

ஆய்வுப் பொருள் வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது. செம்பனையை முக்கோண முறையில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுவது வழக்கம். கணக்கிட்டால் ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 மரம் வரும். அதே இடைவெளியில் சதுரமாக நட்டால் 123தான். ஒரு மட்டையில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றிலைகள் உண்டு. சிற்றிலையின் அகலத்தை 5 செ.மீ. என்று கொள்வோம்.

இந்தத் தோட்டத்தை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுபோய் வைப்போம். பார்வைக் கோணம் 90 பாகை, திரையின் குறுக்கே 1920 புள்ளிகள். 48 மீட்டர் தொலைவில் திரைக்குள் அடங்கும் அகலம் 96 மீட்டர். அதை 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 5 செ.மீ. ஆகவே அந்தத் தொலைவில் ஒரு சிற்றிலை சரியாக ஒரு புள்ளி அகலம். அதைத் தாண்டினால் இலை புள்ளியைவிட ஒல்லி. புள்ளியின் நடுவில் அகப்பட்டால் உண்டு, விலகினால் இல்லை. விளையாடுபவர் ஓரடி நகர, இருந்த இலை மறைகிறது, இல்லாத இலை முளைக்கிறது. 48 மீட்டர் என்பது நிரையில் ஐந்தாவது மரத்தைச் சற்றே தாண்டிய இடம்.

கடைக்காரர் கொள்கை இங்கேதான் ஆட்டம் காண்கிறது. 4கே திரையும் அதற்கு ஈடுகொடுக்கும் கார்டும் வாங்கினால் புள்ளிகள் 2,073,600இலிருந்து 8,294,400 ஆகும். எல்லை 96 மீட்டருக்குப் போகும், அதாவது பத்தாவது மரம். கூடுதலாக 62 இலட்சம் புள்ளிகள் கொடுத்து வாங்கியது ஐந்தே மரம்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்துத் தகரக் கூரைக்கும் இதே கணக்குதான். நெளிக்கு நெளி 76 மில்லிமீட்டர் என்றால், ஒரு நெளியைப் பதிவு செய்ய இரண்டு புள்ளியாவது வேண்டும் என்ற விதிப்படி 36 மீட்டர் வரை கூரை கூரையாக இருக்கும். அதற்கப்பால் இல்லாத அலைகள் அதன்மேல் நெளியத் தொடங்கும்.

விடையியல்

முதற்சோதனைக்குச் செலவில்லை. திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் படத்தை வேறொரு நல்ல திரையில் முழு அளவில் பார்க்க வேண்டும். அங்கே பல் இல்லையென்றால் குற்றம் விளையாட்டில் இல்லை, வீட்டுத் திரையில். பழைய தொலைக்காட்சியைத் திரையாக வைத்திருப்போர் அதன் 'ஷார்ப்னஸ்' அளவைக் குறைத்தாலே பாதி நோய் தீரும். ஓரங்களை வேண்டுமென்றே கூர்மையாக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை.

படத்திலும் பல் இருந்தால், விளையாட்டு திரையின் இயல்பான அளவில்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். 'ரெண்டர் ஸ்கேல்' 70 விழுக்காட்டில் நின்றுகொண்டிருந்தால் மற்ற அமைப்புகள் எல்லாம் அல்ட்ராவில் இருந்தும் பயன் குறைவு. நண்பர் கொள்கை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறது.

அடுத்தது, விளையாட்டாளர்கள் 'ஏஏ' என்று சுருக்கும் விளிம்பு மழுக்கல். பழைய எம்எஸ்ஏஏ முறை உருவத்தின் ஓரத்தில் மட்டும் கூடுதல் கேள்விகள் கேட்கும். ஆனால் விளையாட்டில் ஓலையின் ஓரம் உண்மையான ஓரம் அன்று. தட்டையான அட்டையில் ஓலையை வரைந்து, மீதியைக் கண்ணாடிபோல் ஆக்கியிருப்பார்கள். எம்எஸ்ஏஏ அட்டையின் ஓரத்தை மழுக்கிவிட்டுப் போய்விடும், ஓலையைத் தொடாது. இதற்கென்றே என்விடியா 2005இல் ஜிஃபோர்ஸ் 7800 கார்டுடன் தனி ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது.

இன்று பெரும்பாலான விளையாட்டுகளில் இருப்பது டிஏஏ. பார்வையைப் புள்ளிக்கும் குறைவான அளவு நகர்த்தி நகர்த்தி, முந்தைய படங்களையும் சேர்த்துக் கலக்கும் முறை. தோட்டத்தார் இதை எளிதில் புரிந்துகொள்வர். ஒரே நாளில் எல்லாக் குலையையும் வெட்டிவிட முடியாது. சுற்றுச் சுற்றாக வந்து, சென்ற முறை விட்டதை இந்த முறை எடுப்பதுதான் வழக்கம். மினுக்கத்துக்கு உள்ளபடியே மருந்து இதுதான். பக்கவிளைவும் உண்டு. வேகமாக ஓடுகிறவன் பின்னால் ஒரு பேய்வால் இழுபடும்.

ஒழிபியல்

மெய்யான தோட்டத்தில் நிற்பவருக்கு இருபதாம் மரத்து ஓலையும் மினுக்குவதில்லையே, ஏன்? கண்ணின் வில்லை நுண்ணிய விவரங்களை மங்கலாக்கிய பிறகுதான் விழித்திரைக்கு அனுப்புகிறது. அந்த விழித்திரையின் நடுவில் கூம்பு அணுக்கள் நெருங்கியிருப்பதும் செம்பனை நடவு போலவே முக்கோண முறையில்தான்.

நெறிமுறை கருதி, ஒதுக்கப்பட்ட மூன்றாம் கொள்கையும் கணக்கிடப்பட்டது. 24 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.277 மில்லிமீட்டர். இயல்பான கண்ணுக்கு அது தனித்துத் தெரியாமல் போக 95 சென்டிமீட்டர் விலக வேண்டும். இளைஞர் உட்காருவது 60இல். அம்மா சொன்னது சரி, ஆனால் போதாது. கோடு ஒடிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில் கண் இன்னும் பன்மடங்கு கூர்மையானது, 10 விநாடிக் கோணத்தையும் விடாது. அதையும் ஏமாற்ற வேண்டுமானால் 5.7 மீட்டர் தள்ளிப்போக வேண்டும். ஆய்வுக் களமான வீட்டில் அது கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, அஞ்சடி நடைபாதையில் போய் முடிகிறது. நாற்காலி போட இடமிருக்கிறது. மௌஸ் வயர்தான் எட்டவில்லை.