ஒட்டிலக்கணம்: தாளும் பசையும் பற்றிய ஐந்திணை ஆய்வு

தாளோடு தாளை ஒட்டுவதற்குத் தமிழில் முறையான இலக்கணம் இல்லாத குறை, பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டை ஒப்படைக்கும் நாளின் முந்தைய இரவில் வீட்டுக்கு வீடு தெரியவரும். இதற்காக வேதியியல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. சேர்வதையும் பிரிவதையும் பற்றித் தொல்காப்பியர் வகுத்த ஐந்து உரிப்பொருள்களே போதும். தலைவன், தலைவி இருக்கும் இடத்தில் சார்ட் பேப்பரையும் கலர் பேப்பரையும் வைத்துக்கொண்டால் ஆய்வு தொடங்கிவிடும்.

முறைப்படி குறிஞ்சியில் தொடங்க வேண்டும். ஆனால் சரக்கு முழுவதும் மருதத்தில் கிடக்கிறது. வயல் சார்ந்த நிலம் என்பதால் சோற்றுப் பருக்கை இத்திணைக்கே உரியது. காத்தாடி விட்டவர்களிடம் இதற்குச் சான்று கேட்கலாம். மைதாவும் புளியங்கொட்டையும் இதே குடும்பம், அதாவது தண்ணீரில் காய்ச்சி எடுப்பவை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையோடு துணியைப் பிடித்து வைப்பது புளியங்கொட்டைப் பசை. மைதாப் பசையின் தரத்துக்குச் சுவரொட்டி தின்னும் மாடுகளே சான்றோர். அதில் மயில்துத்தம் கலப்பதைப் பூச்சிகள் தரப்பின் மறுப்புரைக்கு எழுதப்பட்ட பதிலாகக் கொள்க.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பசை தடவியதும் தாள் முகம் சுளித்து அலையலையாக எழும்புகிறதே, அதற்கு வேறென்ன பெயர்? குற்றம் பசையுடையதன்று, அதிலுள்ள தண்ணீருடையது. ஆலையில் காகிதம் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. ஈரம் பட்ட நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, பக்கவாட்டில் பருக்கும். ஆகவே தாளும் குறுக்குவாட்டில் விரிகிறது. நார்த்திசை மாறிய இரண்டு தாள்களை ஒட்டினால் ஊடல் முற்றி அட்டையே வளைந்துவிடும். தாளை இரு பக்கமும் மெல்ல உருட்டிப் பாருங்கள். எளிதில் இணங்கும் குழலின் நீளவாக்கே நார்த்திசை.

எனவே ‘எந்தப் பசை வலுவானது?’ என்று கடைக்காரரிடம் கேட்பது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. இந்தத் தாள் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று தாளைத்தான் கேட்க வேண்டும்.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். பசை, 1959 முதல் நம்மோடிருக்கும் ஃபெவிகால். நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்களால் வெள்ளையாகத் தெரிவது, நீர் போனதும் கண்ணாடிபோல் தெளியும். அட்டைத் துண்டால் மெல்லியதாக இழுத்து, தடித்த புத்தகத்தின் கீழ் வைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருத்தல் கற்பொழுக்கம் என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. நிமிடத்துக்கொரு முறை புத்தகத்தைத் தூக்கிப் பார்க்கும்.

குறிஞ்சி, உடனடிப் பசை. 1942-இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியவர்கள், கண்டதையெல்லாம் பற்றிக்கொள்கிறது என்று ஒதுக்கிவைத்த பொருள் இது. ஈரம் கண்டால் இறுகும். விரலில் ஈரம் உண்டு. எஞ்சியதை ஊகித்தறிக. தாளுக்கு ஆகாது, உறிஞ்சப்பட்டு விறைத்துப்போகும்.

பாலைக்கு உரியது பசைக்குச்சி. லிப்ஸ்டிக்கைப் பார்த்து 1969-இல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் கொண்டுவந்தது. தண்ணீர் குறைவாதலால் மெல்லிய தாளில் சுருக்கம் வராது. ஆனால் தடித்த அட்டையை வளைத்து ஒட்டினீர்களானால், பெரும்பொழுது வேனில் என்று நூலோர் ஏன் சொன்னார்கள் என்பது மே மாதத்தில் விளங்கும்.

நெய்தலில் சைக்கிள் கடை சொல்யூஷன். தண்ணீரே இல்லாததால் தாள் துளியும் சுளிக்காது, பார்த்தவர்கள் மெச்சுவார்கள். இரங்கல் பிறகு வரும். ரப்பர் மட்கிப் பழுப்புக் கறை மேலெழுந்து, பழைய ஆல்பத்துப் படங்கள் ஒவ்வொன்றாக உதிரும்போது.

குப்பியின் மூக்கில் அடைப்பெடுக்கக் குத்திய குண்டூசி அங்கேயே ஒட்டிக்கொள்வது எத்திணை என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுகின்றனர். பொருந்தாக் காமமாதலால் பெருந்திணை என்பது என் துணிபு. கைக்கிளை என்று வாதிடுவோர் குண்டூசியின் சம்மதமின்மையை நிறுவிக் காட்டட்டும்.