காற்றுக்கென்ன கட்டணம்?

காற்று இலவசமாக வீசுகையில், அதற்காகத் துறைமுகங்களில் 600 கோடி ரூபாயைக் கொட்டுவானேன்?

காற்று இலவசம்தான், ஆனால் 100 மீட்டரையும் தாண்டும் காற்றாலை இறகு எந்தச் சாலை வளைவில் திரும்பும்? கடலில் நிறுவப்படும் காற்றாலைகளுக்காக 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்ற 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில், செலவுக்கும் எதிர்பார்க்கும் வருவாய்க்கும் இடையே விழும் பள்ளத்தை அரசே தூர்க்கும் 'இடைவெளி நிரப்பு நிதி'க்கு 6,853 கோடியும், கனத்த உறுப்புகளை அடுக்கிக் கப்பலேற்றத்தக்க வசதிகளுக்காக இரு துறைமுகங்களுக்கு 600 கோடியும் ஒதுக்கப்பட்டன.

தமிழகத்தில் இப்பணிக்கு உரியதாகக் கருதப்படும் தூத்துக்குடித் துறைமுகம், 1906இல் மக்களிடம் பங்கு விற்றுக் கப்பல் நிறுவனம் தொடங்கிய வ.உ.சி.யின் பெயரைத் தாங்குவதால், முதல் திரட்டக் கருவூலம் ஒன்றே வழியென்று அதனிடம் சொல்வதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.