வி-8 ஒழுகுகிறதா? பெங்களூரு ஜீவனஹள்ளிவாசிகளுக்குச் சில யோசனைகள்

முதலில் வண்டியை வாங்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு போர்ஷே கயேன், 4.5 லிட்டர் வி-8 என்றால் உத்தமம். வாங்க ஆள் இல்லாததால் ஒரு புது மாருதியின் விலைக்கும் கீழே பேசி முடித்துவிடலாம். இருபது வருஷத்தில் வண்டியின் விலை இறங்கிவிட்டது என்ற செய்தி அதன் பார்ட்ஸுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. அவை இன்றும் பணக்காரர் வண்டியின் பார்ட்ஸ்தான். இந்தக் கட்டுரையில் இனி வரும் செலவெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புவதுதான்.

அடுத்து நிறுத்துமிடம். வண்டியின் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். தெருவின் அகலத்தை அளக்காதீர்கள், மனசு சங்கடப்படும். பானசவாடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போதே கண்ணாடிகளை மடக்கிக்கொள்ளுங்கள்.

ஒழுகலை முதலில் நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள். காலையில் வாசல் தெளிக்க வரும் எதிர்வீட்டு அக்காதான் சொல்வார்: "தம்பி, உங்க வண்டி ஒழுகுது." உடனே சொல்ல வேண்டிய பதில், "ஏசி தண்ணிக்கா." அவர் உள்ளே போனபிறகு குனிந்து பாருங்கள். ஏசி தண்ணிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்கு இரண்டும் உண்டு. விரலில் வைத்துத் தேய்த்தால் வழவழக்கும், மூக்கருகில் கொண்டுபோனால் இனிப்பு வாடை. ருசி பார்க்காதீர்கள். அதிலிருப்பது எத்திலீன் கிளைக்கால், சிறுநீரகத்தைச் சாய்க்கும் விஷம். தெருநாய்கள் இந்த இனிப்புக்கு நக்கிவிடும், கொஞ்சம் போனாலே பிழைப்பது கஷ்டம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

இனி சில மாதங்கள் டாப்-அப் காலம். டிக்கியில் ஒரு கேன், கையில் ஒரு புனல், முகத்தில் ஒன்றும் நடக்காத பாவனை. எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. காவேரித் தண்ணீர் முறைவைத்து வரும், அதை ரேடியேட்டருக்குக் கொடுத்தால் வீட்டில் உங்களை இறக்கிவிடுவார்கள். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், உள்ளே படிந்து குழாயை அடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி. கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். பிங்க், பச்சை, நீலம் எல்லாம் கம்பெனிக்காரன் கலக்கும் சாயம். உள்ளே இருக்கும் ரசாயனம் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் சேர்ந்து கூழாகிவிடும்.

டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கிறதே என்று நிம்மதி அடைவது மரபு. பல ஜெர்மன் வண்டிகளில் அந்த முள்ளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 80 டிகிரியானாலும் 100-ஐத் தாண்டினாலும் ஓட்டுபவர் பதறக் கூடாது என்று அது நடுவிலேயே நிற்கும். அது எழுந்து ஓடும்போது நீங்களும் இறங்கி ஓட வேண்டியதுதான். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான ஓபிடி அடாப்டர் ஒன்றைச் செருகிப் போனில் நிஜ எண்ணைப் பாருங்கள். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் கலந்து, மூடியை இறுக்கி, அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் இன்ஜின் பிழைக்கிறது. ஆகவே ஒழுகல் என்றால் போவது தண்ணீர் மட்டுமல்ல, அழுத்தமும்தான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினால் "ஏனூ ஆகல்ல சார்" என்பார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம், வண்டிக்கா அவருக்கா என்று கேட்காதீர்கள். பிறகு மஞ்சள்தூள் போடச் சொல்வார். சிரிக்க வேண்டாம், அம்பாசடர் காலத்துப் பித்தளை ரேடியேட்டரில் அது ஓட்டையை அடைத்துப் பல குடும்பங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஆனால் உங்கள் வண்டியின் ரேடியேட்டரில் ஓடுவதெல்லாம் மெல்லிய குழாய்கள். மஞ்சள் முதலில் அவற்றை அடைக்கும், ஹீட்டரை அடைக்கும், ஓட்டையைக் கடைசியாகத்தான் விசாரிக்கும்.

ஓட்டை எங்கே? கை பம்பு வைத்து, ஆறிய வண்டிக்கு அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். கயேனில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடம். சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் 'வி'யின் இரண்டு கைகளுக்கு நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கூலன்ட் போகும் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் வைத்திருந்தார்கள். இன்ஜினிலேயே சூடான பள்ளம் அதுதான். வருஷக்கணக்கில் வெந்து நொறுங்கி, ஒரு நாள் உடையும். கூலன்ட் பள்ளத்தில் குளமாகும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் அங்கேதான் படுத்திருக்கிறது. அதனால் ஒழுகல் வந்த சிலருக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாததுதான் முதல் புகாராக இருக்கும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்கே போட்டார்கள், ஒஹாயோ கோர்ட்டில் சமரசமாக முடிந்தது. பரிகாரம் அலுமினியக் குழாய். "அப்படின்னா நான் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வாங்கிக்கறேன்" என்பவருக்கு: அதன் அந்தக் காலத்து என்62 வி-8 இன்ஜினில் இதே பள்ளத்தில் உலோகக் குழாய்தான். அதன் முன்முனையிலிருக்கும் ரப்பர் சீல் மட்டும் சுருங்கிப்போகும். அதை மாற்ற முறைப்படி இன்ஜினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். நீட்டி மடக்கும் குழாய் ஒன்றைச் செய்து, பழையதை வெட்டி எடுத்த இடத்தில் நுழைக்கும் குறுக்குவழியை வெளியார்தான் கண்டுபிடித்தார்கள்.

சாமானுக்கு ஜே.சி. ரோடு போங்கள். ஆட்டோவில் போங்கள், நீங்கள் வந்த வண்டியைப் பார்த்தால் விலை ஏறும். சேஸிஸ் நம்பரைச் சொன்னதும் கடைக்காரர் ஒரு நிமிஷம் உங்களையே பார்ப்பார், அது அனுதாபம். குழாய் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மேனிஃபோல்டைக் கழற்றும் கூலி ஒரு தடவைதான் கொடுக்க முடியும். ஆகவே தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு, பின்னால் ஃபயர்வால் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டி-ஜாயின்ட், கேஸ்கட், ஹோஸ் எல்லாவற்றையும் அதே மூச்சில் மாற்றிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான யோசனை இது ஒன்றுதான். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. குழாயை மட்டும் மாற்றி மூடிவிட்டு, ஆறு மாதத்தில் பம்புக்காக மறுபடி திறப்பார்கள்.

மூடியபின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், வேக்குவம் கருவி இருந்தால் சீக்கிரம் முடியும். டெஸ்ட் டிரைவுக்கு ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி வரை போகலாம். போகும்போது இறக்கம், எந்த வண்டியும் ஆறியே இருக்கும். திரும்பும்போது சூளகிரிப் பக்கம் ஏற ஆரம்பித்ததும் போனில் டிகிரி எண்ணைப் பாருங்கள், மனைவியிடம் காட்டாதீர்கள்.

எல்லாம் சரியானால் ஆர்டிஓ இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், பதினைந்து வயதான இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 40,000 ரூபாய். இருபது வயதைத் தாண்டியதற்கு 2025-இல் அதையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள்.

அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, விற்பதென்று முடிவெடுத்தால் விளம்பரத்தில் இப்படி எழுதுங்கள்: டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், கூலன்ட் பைப் அலுமினியத்தில் மாற்றப்பட்டது. மூன்றில் கடைசியாவது உண்மையாக இருக்கட்டும். பார்க்க வருகிறவர் குனிந்து வண்டிக்கு அடியில் நோட்டம் விட்டால், அவர் இதற்கு முன்பே ஒரு வி-8 வைத்திருந்தவர். அவரிடம் விலை குறைக்காதீர்கள், எப்படியும் வாங்கிவிடுவார்.