மீனுக்குப் போர்வை

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, மயிலுக்கு அது தேவைப்பட்டதா ஐயா என்று எங்களில் ஒருவன் கேட்டான். தமிழய்யா அவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார். சரியான தண்டனைதான். மயில் குளிரில் நடுங்குகிறதா, மேகத்தைப் பார்த்து ஆடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு நின்றால் யாரும் வள்ளலாக முடியாது. இந்த நுட்பம் எனக்கு விளங்க முப்பது வருஷம் ஆயிற்று. விளக்கியவர் என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுகிற அந்தப் புண்ணியவான், போன ஆடியில் ஒரு ஃபைட்டர் மீனுக்குச் செய்த உபகாரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். பாராட்ட வேண்டியவர்களை உயிரோடிருக்கும்போதே பாராட்டிவிட வேண்டும். மீன்கள் விஷயத்தில் அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மாமாவையாவது பாராட்டிவிடுகிறேன்.

வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூர். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கடை வாசலில் பலகை போட்டு பிளாஸ்டிக் டம்ளர்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். டம்ளருக்கு ஒரு ஃபைட்டர். ஒன்று மயில்கழுத்து நீலம், ஒன்று குங்குமச் சிவப்பு. டம்ளருக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு துண்டு அட்டை. அந்த அட்டையைப் பார்த்ததும் மாமாவின் முகம் வாடிவிட்டது. "தனிச் சிறையில போட்டு வெச்சிருக்கானுங்க மாப்ள" என்றவர், யாரையும் கேட்காமல் ஓர் அட்டையை உருவினார்.

அரை நொடி. நீல மீனின் இரண்டு செவுள் மூடிகளும் குடைபோல விரிந்தன; தாடைக்குக் கீழே கறுப்பாகத் தாடி மாதிரி ஒன்று வெளியே வந்தது. துடுப்பெல்லாம் கஞ்சி போட்ட வேட்டியாக விறைத்தன. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். சிவப்பும் அப்படியே. இரண்டும் பிளாஸ்டிக்கின் மேல் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன.

"பாத்தியா, பாத்தியா! கூட்டாளியப் பாத்ததும் தோகைய விரிச்சு எப்படி ஆடுது பாரு. பேசணும்னு துடிக்குது!"

இந்த மீன் தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் தேங்கும் ஆழமில்லாத நீரைச் சேர்ந்தது. அந்த ஊரார் இதற்கு வைத்த பெயர் 'பிளா காட்'. கடிக்கிற மீன் என்று பொருள். சயாம் மன்னர் மூன்றாம் ராமா கொடுத்த மீன்களை வைத்துத்தான் தியோடர் கேன்டர் என்ற மருத்துவர் 1849-ல் இதைப் பற்றி எழுதினார். சார்லஸ் டேட் ரீகன் 1910-ல் 'பெட்டா ஸ்ப்லென்டென்ஸ்' என்று பெயர் சூட்டினார். 2019-ல் தாய்லாந்து இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. மன்னர், மருத்துவர், விஞ்ஞானி, அரசாங்கம் என்று இத்தனை பேர் பார்த்தும் எல்லோருக்கும் தெரிந்தது இதன் சண்டைக் குணம் மட்டுமே. இதன் தனிமை முதன்முதலாகத் தெரிந்தது கொளத்தூரில், என் மாமாவுக்கு.

கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். விவரம் போதாது. வியாபாரம் தெரிந்தவனாக இருந்தால் பேசாமல் பத்து மீனைக் கவரில் பிடித்துக் கொடுத்திருப்பான். இவன் அட்டையை மறுபடி செருகிவிட்டு, "சார், தொட்டி என்ன சைஸு?" என்று கேட்டான். ஓரடி என்றதும், "அப்ப ஃபைட்டர் மட்டும் போதும் சார். அதுக்கே இருபது லிட்டர் இருந்தாத்தான் நல்லது. கூட ஏதாச்சும் வேணும்னா ஒரு நத்தை விடுங்க. நாப்பது லிட்டர், அம்பது லிட்டர்னா நிறையச் செடி வெச்சு, கோரி இல்லன்னா சின்ன டெட்ரா ஒரு ஆறு விடலாம். அதையும் முதல்ல விட்டுட்டு ஃபைட்டரைக் கடைசியா விடணும். அப்பவும் அடிச்சா எடுத்து வைக்கத் தனித் தொட்டி வேணும். ஒவ்வொரு மீனும் ஒரு குணம் சார்" என்றான்.

மாமா புன்னகைத்தார். அனுபவசாலிகளின் புன்னகை. "தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றார். இல்லை என்றான். "அதான்" என்று சொல்லிவிட்டு நீல ஃபைட்டரை வாங்கிக்கொண்டார். அடுத்த கடைக்குப் போய்த் துணைகளை வாங்கினோம். வண்டியின் பின்னால் உட்கார்ந்து கவர்களைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். அந்தக் கொடையில் எனக்கும் பங்கு உண்டு.

தொட்டி, நீளம் ஓரடி, அகலமும் உயரமும் எட்டெட்டு அங்குலம். விளிம்பு வரை நிரப்பினாலே பன்னிரண்டு லிட்டரைத்தான் கொஞ்சம் தாண்டும். கலர் கல், பிளாஸ்டிக் பாலம், மூடி திறந்து குமிழி விடும் புதையல் பெட்டி எல்லாம் போக, உள்ளே தண்ணீருக்கு மிஞ்சிய இடம் பத்து லிட்டருக்கும் குறைவு. பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களில்கூட குழாயடிக்கு நேரம் ஒதுக்கித் தருவார்கள். மாமாவின் தொட்டியில் அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது.

அவர் பார்த்த பொருத்தங்களைச் சொல்கிறேன். முதலில் இரண்டு கோல்டு ஃபிஷ். ஃபைட்டருக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆகவே இரண்டுக்கும் பொதுவாக, இரண்டுக்குமே பிடிக்காத ஒரு நிலையை ஏற்படுத்தினார். கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் அதுவே முக்கால் அடி ஆகும் என்பதையும் அவர் யோசிக்காமலில்லை. "வளரட்டுமே, கண்ணுக்கு நிறைவா இருக்கும்" என்றார். தொட்டிக்கும் நிறைவாகத்தான் இருக்கும்.

அடுத்து ஆண் கப்பி இரண்டு. அவற்றின் விசிறி வாலையும் பளிச்சென்ற நிறத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். "நம்ம ஃபைட்டர் ஜாடையாவே இருக்கு, ஒட்டிக்கும்." ஃபைட்டருக்கும் அதே ஜாடைதான் தெரிந்தது. தன் வீட்டுக்குள் இன்னோர் ஆண் ஃபைட்டர் புகுந்துவிட்டதாக முடிவு கட்டி, இரண்டே நாளில் இரண்டு விசிறியையும் மடக்கி அனுப்பிவிட்டது. மாமாவின் கண்ணுக்கும் மீனின் கண்ணுக்கும் இப்படி ஓர் ஒற்றுமை அமைவது அபூர்வம்.

கப்பிகள் போன வருத்தத்தை ஆற்ற டைகர் பார்ப் மூன்று வந்தன. கும்பலாக வாழ்கிற மீன். கும்பல் சிறுத்தால் அக்கம்பக்கத்தார் வாலைக் கொறித்துப் பொழுதைப் போக்கும். ஃபைட்டரின் வாலைப் போல நீளமாக, மெதுவாக அசைகிற துணி அவற்றுக்கு வேறெங்கே கிடைக்கும்? ஒரு வாரத்தில் அந்த நீலத் தோகை, ஆடிக் காற்றில் நின்ற வாழையிலை மாதிரி நார் நாராகத் தொங்கியது. "விளையாடுதுங்க" என்றார் மாமா. ஃபைட்டர் விளையாட்டில் கலந்துகொள்ளாமல் பாலத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டது. "ரெஸ்ட் எடுக்குது" என்றார். எதையும் நல்லவிதமாகவே பார்க்கிற மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

பிறகு செர்ரி இறால் ஐந்து. புழுவும் பூச்சியும் தின்று வாழ்கிற மீனுக்குத் துணையாக இறால்! விருந்துக்கு வந்தவர்களையே பந்தியில் பரிமாறிய உபசாரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. மறுநாள் காலையில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. "கல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கூச்ச சுபாவம்" என்று மூன்று நாள் காத்திருந்தார்.

சுத்தம் செய்ய ஒரு சக்கர். கடையில் விரல் நீளம்தான் இருந்தது. தென் அமெரிக்க ஆற்று மீன் அது. ஓரடிக்கு மேல் வளரும். ஓரடித் தொட்டியில் அது முழுதாக வளர்ந்தால் திரும்பிப் படுக்க முடியாதே என்று கேட்டேன். "எதுக்குத் திரும்பணும்? கண்ணாடிய நக்குற வேலைதானே, நேராவே பாத்துக்கும்" என்றார். பாசியைக் காலி செய்கிற மீனும் கழிவு போடும், அதுவும் தாராளமாகப் போடும் என்று நான் மேற்கொண்டு சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு வந்தவர்கள் சாப்பிடுவார்கள் என்பதை நினைவுபடுத்துவது பண்பல்ல.

கழிவு என்றதும் மாமாவின் சுத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். தண்ணீர் பளிங்காகத் தெரியும், செவுளுக்குத்தான் எரியும். கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் சில நுண்ணுயிர்கள் குடியேறி அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். அவை பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் தெரிந்தவர்கள் வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுவார்கள். மாமா அரைகுறை வேலை செய்கிறவர் அல்ல. ஞாயிறுதோறும் முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லை வெந்நீரில் அலசி, குளோரின் வாசனை போகாத குழாய்த் தண்ணீரைப் புத்தம் புதிதாகப் பிடித்து ஊற்றினார். ஊரிலுள்ள உயிர்களுக்கெல்லாம் அந்தத் தொட்டியில் இடம் கொடுத்தவர், அந்தத் தொட்டியைக் காப்பாற்றக்கூடிய உயிர்களை மட்டும் வாராவாரம் காலி செய்ய வைத்தார்.

அக்கா வாங்கிக் கொடுத்த ஃபில்டரையும் அவர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். பெட்டி பிரியவில்லை, பஞ்சில் ஓர் அழுக்கில்லை, பளபளப்புக் குறையாமல் அலமாரியில் இருக்கிறது. கிழிந்து நைந்து கிடந்ததெல்லாம் ஃபைட்டரின் வால் மட்டும்தான்.

கப்பிக்குப் பிறகு முதலில் போனது சிறிய கோல்டு ஃபிஷ். பிறகு பெரியது. பார்ப்கள் ஒரே இரவில் போயின. சக்கர் செத்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உயிரோடிருந்தபோதும் அது அசையாமல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் மாமா துளசித் தொட்டியில் மரியாதையாகப் புதைத்தார். காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்: கடை ராசியில்லை. அடுத்தடுத்த வாரங்களில் கடையை மாற்றினார். அதே துணைகளை வாங்கினார். துளசி நன்றாகத் தழைத்தது.

ஐந்தாம் வாரம் அலுவலக ஆடிட் வந்தது. மூன்று வாரம் அவரால் கொளத்தூர் பக்கமே போக முடியவில்லை, தொட்டியைக் கழுவவும் முடியவில்லை. அக்காதான் நினைவு வந்தபோது ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டுவிட்டு, முந்தின நாள் பிடித்து வைத்ததை ஒரு சொம்பு ஊற்றினாள். யாரோ கொடுத்த ஒரு கொத்துத் தண்ணீர்ச் செடியை உள்ளே போட்டாள். அதில் ஒட்டிக்கொண்டு மிளகு அளவில் ஒரு நத்தை வந்து சேர்ந்தது.

அதற்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஃபைட்டர் பாலத்தின் அடியில் இல்லை. செடியைச் சுற்றிச் சாவகாசமாக ஒரு வட்டம் போட்டது. மேலே வந்து வாய் நிறையக் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கியது. கிழிந்த வாலின் ஓரத்தில், கண்ணாடித் தாள்போல நிறமில்லாமல் கொஞ்சம் புது வால் முளைத்திருந்தது. செடியின் இலை மேல்பரப்பைத் தொடும் மூலையில், கடுகு கடுகாக நுரைக்குமிழிகளை அடுக்கி ஒரு கூடு. ஆண் ஃபைட்டர் தன் வாயால் ஊதிக் கட்டுகிற கூடு அது. துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டும். அந்தப் பையன் சொன்ன நத்தை, யாரும் தேர்ந்தெடுக்காமலேயே கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டே வந்து தொட்டிக்கு முன்னால் குனிந்தார். "மூணு வாரம் பாக்கல, என்னா அழுக்கு பாரு" என்று சுட்டுவிரலால் நுரையை வழித்துத் துடைத்தார். "அய்ய, புழு" என்று நத்தையைக் கிள்ளி ஜன்னலுக்கு வெளியே போட்டார். தொட்டி சுத்தமாயிற்று. ஃபைட்டர் அவர் விரலுக்கு நேராக வந்து, செவுளை விரித்து, தாடியைக் காட்டி, விறைத்து நின்றது.

மாமாவின் கண் கலங்கிவிட்டது. "ஏங்குது மாப்ள. தனியா இருக்கே, பாவம்" என்றவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

நானும் எழுந்தேன். கவரைப் பிடித்துக்கொள்ள அவருக்கும் ஒரு துணை வேண்டுமே.