பூச்சியம் மான்

புது வருடம் பிறந்தால் ஒரு கொப்பியை வாங்கி அதில் இலக்கு எழுதி வைப்பது, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை படுவான்கரை என்ற பேதமில்லாமல் இப்போது பரவிவிட்ட வியாதி. 10 கிலோ குறைப்பது, சீட்டுக் காசை ஒழுங்காகக் கட்டுவது, விடிய எழும்பிக் கல்லடிப் பாலத்தில் நடப்பது என்று பட்டியல் நீளும். தைப்பொங்கல் புக்கையோடு முதலாவது இலக்கு காலமாகிவிடும். மற்றவை மாசி முடிவதற்குள் அதன் பின்னாலேயே போய்ச் சேரும். அமெரிக்காவின் மான் வேட்டைக்காரர்கள் இந்த வியாதியை இன்னொரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். வேட்டைப் பருவம் திறப்பதற்கு முன்பே, இந்த முறை எத்தனை கிளை உள்ள கொம்பு, வில்லா துவக்கா, குளிர்சாதனப் பெட்டியில் எவ்வளவு இறைச்சி என்றெல்லாம் எழுதி வைத்துவிடுகிறார்கள். வாவிக்கு மேற்கே காடும் மானும் நமக்கும் உண்டு. ஆகவே நமக்கும் அப்படியொரு தனிப்பட்ட இலக்கு வேண்டும் என்பது என் கட்சி. அந்த இலக்கு பூச்சியம் மான். சன்மார்க்கம் போதிக்க வந்திருக்கிறேன் என்று யாரும் எழும்பிப் போகவேண்டாம். இலக்கு என்று ஒன்றை வைத்தால் அது எட்டக்கூடியதாக இருக்கவேண்டும், எட்டிய பிறகு இலாபமும் தரவேண்டும். மான் வேட்டை பற்றி நமக்குத் தெரிந்த கதை, வரலாறு எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தால், இந்த இரண்டு நிபந்தனையையும் நிறைவேற்றிய எண் பூச்சியம் ஒன்றுதான்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் சுவாரசியம் குறைவு. தாவரங்களையும் விலங்குகளையும் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புள்ளிமானும் மரையும் அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அமெரிக்காவில் மான் பருவம் திறக்கும், பிறகு மூடும். இங்கே அது திறப்பதே இல்லை. மூடிக் கிடக்கும் எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டுப் பயிற்சி நமக்கு இருந்தாலும், திறக்காத பருவத்துக்காகத் துவக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பது கொஞ்சம் அதிகம். ஆனால் சட்டத்தை மட்டும் காட்டி மட்டக்களப்பானை மாற்றலாம் என்று நான் நம்பவில்லை. பொலிஸ் நிற்கும் சந்திக்கு ஐம்பது யார் முன்னால் தலையில் ஏறி, ஐம்பது யார் தாண்டியதும் கைப்பிடிக்குத் திரும்பிவிடும் ஹெல்மெட்டே அதற்குச் சாட்சி. சட்டத்தைவிட நாம் பயந்து கேட்கும் ஒன்று உண்டென்றால் அது புராணம். அங்கே போவோம்.

மான் வேட்டையில் இலக்கை நூற்றுக்கு நூறு எட்டியவர் இராமபிரான். இலக்கு ஒரு மான். ஓர் அம்பு போனது, மான் விழுந்தது. இன்றைய நிருவாகக் கணக்கில் இது முழு வெற்றி. ஆனால் அந்த ஒரு மானுக்கு ஆன செலவைக் கூட்டிப் பாருங்கள். மனைவியைப் பறிகொடுத்தது, கடலுக்குக் குறுக்கே அணை கட்டியது, ஒரு பெரும் வானரப் படைக்குச் சாப்பாடு போட்டது, போதாக்குறைக்கு ஒரு நகரமே எரிந்தது. அந்த நகரமும் நமது தீவில்தான் இருந்தது என்பதால் நட்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. அடுத்தவர் பாண்டு மகாராசா. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர் எய்த அம்பும் குறி தவறவில்லை. விழுந்தது மான் உருவெடுத்திருந்த முனிவர். கிடைத்தது இறைச்சியல்ல, மனைவியைத் தொட்டால் மரணம் என்ற சாபம். குறி தப்பாத இரண்டு வேட்டைக்காரர்கள், இரண்டு குடும்பங்களும் நாசம்.

இப்போது மானைத் தவறவிட்டவர்களின் பக்கம் வருவோம். முருகப்பெருமான் வள்ளியைத் தேடி வேடனாக வந்தார். கந்தபுராணப்படி வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள். அந்தக் கணக்கில் தினைப்புனத்தைச் சுற்றி மேய்ந்த மானினம் முழுவதும் அவருக்கு மாமியார் வீடு. எய்யாமல் விட்டது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று கலியாணம் செய்தவர்கள் அறிவார்கள். நமது அகத்துறைப் புலவர்களும் இதே கட்சிதான். என் அம்பு தைத்த கலைமான் இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் வந்து கேட்பதற்கென்றே கோவை நூல்களில் தனியாக ஒரு துறை இருக்கிறது. அவன் மானைத் தேடவில்லை என்று தோழிக்குத் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும், சந்தேகமில்லாமல் மானுக்கும் தெரியும். மான் கிடைத்துவிட்டால் அவன் வீட்டுக்குத் திரும்பவேண்டும், காதல் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே தமிழில் வெற்றிகரமான மான் வேட்டை என்பது மான் கிடைக்காத வேட்டை.

இதெல்லாம் கதை, வரலாறு கொண்டுவா என்பவர்களுக்கு மிகிந்தலை இருக்கிறது. தேவநம்பிய தீசன் வேட்டைக்குப் போய் ஒரு மரையைக் கண்டான். அது கவனமில்லாமல் நிற்கும்போது எய்வது முறையல்ல என்று நினைத்து, முதலில் வில் நாணைச் சுண்டி ஒலியெழுப்பினான் என்கிறது மகாவம்சம். மரை மலையை நோக்கி ஓடியது, அரசன் பின்னால் ஓடினான். மலையில் மரை மறைந்தது, பௌத்தம் போதிக்க வந்த மகிந்த தேரர் நின்றார். தீசன் அன்று எட்டிய எண்ணிக்கை பூச்சியம். கிடைத்திருந்தால் அரண்மனையில் ஒரு நேரக் கறி. கிடைக்காததால் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டின் போக்கே மாறியது. பௌத்தர்களல்லாத நமக்கும் வருடந்தோறும் ஒரு பொசன் விடுமுறை கிடைக்கிறது. ஒரு தவறிப்போன மானுக்கு இதைவிட நல்ல விலை எந்தச் சந்தையிலும் கிடையாது.

எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே போனவர்கள் வெள்ளைக்காரர்கள். பதுளைப் பக்கம் அரச அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருக்கும் ஒரு வருடாந்த இலக்கு இருந்திருக்கும், மேலிடத்திலும் ஒரு கொப்பி இருந்தது அவருக்குத் தெரியவில்லை. நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை ஏவி மரையை ஓடவிட்டு, கடைசியில் கத்தியோடு இறங்குவார். அதையெல்லாம் புத்தகமாகவும் எழுதி 1850களில் வெளியிட்டார். இப்படி ஆளுக்கொரு எண்ணிக்கை வைத்து அரை நூற்றாண்டு சுட்ட பிறகு ஒரு சிறு கணக்குப் பிழை தெரியவந்தது. அடுத்த பருவத்துக்குச் சுட ஒன்றும் மிஞ்சாது போலிருந்தது. 1894இல் வேட்டைக்காரர்களே கூடி வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள். இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வாரிசு. யால காடும் முதலில் வேட்டைக்காரர்களுக்காக ஒதுக்கிய நிலம்தான், 1938இல்தான் தேசியப் பூங்காவானது. பெரிய எண்களில் தொடங்கியவர்களும் கடைசியில் பூச்சியத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாம் அங்கிருந்தே தொடங்கினால் இடைப்பட்ட மின்னல் முதலியவற்றைத் தவிர்க்கலாம்.

சரி, நமது காட்டிலேயே வைத்துப் பார்ப்போம். ஆடி ஆவணியில் கச்சான் அடித்துச் சிறுகுளங்கள் வற்றும்போது, மிஞ்சிய தண்ணீருக்குப் புள்ளிமான் கூட்டம் வரும். முதலில் வருவது ஒரு பெட்டை. ஓர் அடி வைக்கும், நிற்கும், மூக்கை உயர்த்திக் காற்றை வாங்கும், முன்காலால் ஒருமுறை நிலத்தைத் தட்டும். பின்னால் இருபது சோடிக் காதுகள் திரும்பும். மேலே மரத்தில் மந்திகள். மந்தி கடித்து எறியும் காயையும் கொழுந்தையும் கீழே மான் தின்னும், அதற்குக் கைம்மாறாக மோப்பத்தை மான் பார்த்துக்கொள்ளும், தூரத்தை மந்தி பார்த்துக்கொள்ளும். பீடி நாற்றமும் நுளம்புக் கடியுமாகப் பற்றைக்குள் ஒருவர் குந்தியிருக்கும் செய்தி, அவர் குந்துவதற்கு முன்பே காடு முழுக்கப் போயிருக்கும். இந்த உளவுத்துறையை நேர்மையாக வெல்ல முடியாது என்பதால்தான் கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் வந்தன. அவற்றுக்கோ இலக்கு என்பதே கிடையாது. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு. 2020இல் நல்லதண்ணியில் தோட்டமொன்றில் கட்டியிருந்த சுருக்கில் மாட்டியது, இலங்கையில் மிக அரிதாகவே காணக் கிடைக்கும் கருஞ்சிறுத்தை. அது பிழைக்கவில்லை. கட்டுத்துவக்கு இன்னும் பெருந்தன்மையானது. மாடு தேடிப் போன பக்கத்துவீட்டுக்காரரையும் அது மானாகவே மதிக்கும்.

இனி மறுப்புகள். வேட்டையாடாவிட்டால் மான் பெருகி ஊரை நிறைத்துவிடுமே என்பார்கள். ஓநாயை ஒழித்துவிட்ட அமெரிக்க மாநிலங்களில் அது நியாயமான கவலை. அங்கே வேட்டைக்காரர் ஓநாயின் வேலையைப் பதில் கடமையாகப் பார்க்கிறார், அதற்கு அனுமதிப்பத்திரமும் பருவமும் உண்டு. நமது காட்டில் அந்தப் பதவி வெற்றிடமாக இல்லை. சிறுத்தை இருக்கிறது, கொப்பியில் இலக்கு எழுதாமலே வேலை செய்கிறது, மேலதிக நேரப்படி கேட்பதுமில்லை. வேட்டை நமது பாரம்பரியமில்லையா என்பது அடுத்த கேள்வி. வேடர்களுக்குப் பாரம்பரியம்தான். மதுரு ஓயா 1983இல் தேசியப் பூங்காவானபோது தம்பானை வேடர்கள் தலைமுறைகளாகத் திரிந்த காட்டுக்குள் குற்றவாளியாகாமல் கால்வைக்க முடியாமற்போனது. அது உண்மையான அநியாயம், அவர்களோடு பேசித் தீர்க்கவேண்டியது. ஆனால் அவர்களுடைய வழக்கை, சனிக்கிழமை இரவுப் போத்தலுக்குத் தொட்டுக்கொள்ள மரை வத்தல் தேடும் உத்தியோகத்தர் தன் வழக்காகத் தாக்கல் செய்ய முடியாது. மூன்றாவது, வேட்டையே இல்லாத இடத்திலும் மான் சாகிறதே என்பது. அதுவும் மெய். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையிலிருந்து கோணேசர் கோயில் வீதி வரைக்கும் புள்ளிமான்கள் உள்ளூர்வாசிகளாக உலாவுகின்றன. அவற்றை யாரும் சுடுவதில்லை. குப்பையோடு பொலித்தீன் பையைக் கொடுத்து அனுப்பிவைக்கிறோம். பூச்சியம் என்று நான் சொல்வதில் அந்தப் பையும் அடக்கம்.

கடைசி மறுப்புத்தான் கூர்மையானது. துவக்கைத் தொட்டே பார்க்காத கச்சேரிக் கிளார்க்கருக்குப் பூச்சியம் மான் என்பது ஓர் இலக்கா, சும்மா இருப்பவனுக்கு அது தானாக வராதா? வராது. இங்கேதான் இலக்கின் கனம் இருக்கிறது. படுவான்கரைக்கு அப்பால் காட்டில் சுடுபவர் சிலர், ஊரில் தின்பவர் பலர். எங்கேயாவது ஒரு விருந்தில், மச்சான், இது சாதாரண இறைச்சியில்ல என்று காதோடு காதாகச் சொல்லித் தட்டில் வைக்கும் அந்த நிமிடத்தில்தான் அடுத்த மானுக்கு ஓடர் போகிறது. துவக்கு இருப்பது படுவான்கரையில், அதன் விசை இருப்பது எழுவான்கரையில். அந்த விசையை இழுத்தவருக்கு நுளம்பும் கடிக்கவில்லை, காலில் முள்ளும் ஏறவில்லை. ஒருவேளை கிடைத்ததும் மரையாக இல்லாமல், உயிரோடிருந்தபோது வயல் உழுத எருமையாக இருக்கலாம். மிளகாய்த்தூளில் மூழ்கி எழும்பிய வத்தலைப் பார்த்து இனம் சொல்லும் விஞ்ஞானம் பந்தியில் கிடையாது. மரையின் விலை கொடுத்து எருமையைத் தின்றவர் பொலிசில் போய் முறையிடவும் முடியாது. இப்படிப் பார்த்தால் நம்மில் பலர் துவக்கில்லாத வேட்டைக்காரர்கள், சென்ற பருவத்து எண்ணிக்கையும் பூச்சியமல்ல.

ஆகவே கொப்பியின் முதல் பக்கத்தில் இதை எழுதலாம்: சுட்ட மான் 0, வாங்கிய மான் 0, வேறு யாரோ வாங்கியது என்று சமாதானம் சொல்லித் தின்ற மான் 0. இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம், தோட்டா வேண்டாம், நீதவானுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். உடம்பைக் குறைக்கும் இலக்கில் தோற்றவர்களும் விருந்தில் ஒரு முறை வேண்டாம் என்று சொன்னால் இதில் வெல்லலாம், ஒரு தட்டுக் குறைவதால் முந்திய இலக்குக்கும் கொஞ்சம் உதவி. வெற்றி கண்டவர்களுக்கு அடுத்த வருடம் இலக்கை உயர்த்தவேண்டும் என்ற ஆசை வரும், மனித இயல்பு அது. தாராளமாக உயர்த்துங்கள். இரண்டு மடங்காக்குங்கள், பத்து மடங்காக்குங்கள். குடும்பிமலைப் பக்கத்து மான்களுக்கு அதில் ஆட்சேபணை இருக்காது.