வேட்டியில் எங்கே வைப்பது?

அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப் போகிறேன் என்று சொன்னதும், சியாட்டிலிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் சகலை, கையிலிருந்த கடலைமிட்டாயைக் கடிக்காமல் நிறுத்தினார்.

"வெறுங்கையோடயா அண்ணாச்சி? கரடி இருக்குமே!"

அங்கே மலைக்காட்டுக்குள் நடக்கப் போகும்போது அவர் நெஞ்சில் குறுக்கே ஒரு வார் கட்டி, அதில் கைத்துப்பாக்கியை மாட்டிக்கொள்வாராம். போனில் படம் காட்டினார். பின்னால் பனிமலை, முன்னால் நம்ம ஆள், நடுவில் துப்பாக்கி. "பத்து எம்.எம்." என்றார் பெருமையாக. கோவில்பட்டியில் எம்.எம். என்றால் மழை. பத்து எம்.எம். என்பது உளுந்து விதைக்கலாமா, இன்னொரு மழைக்குப் பொறுக்கலாமா என்று திண்ணையில் உட்கார்ந்து தகராறு பண்ணுகிற அளவு. நான் அந்த மரியாதையோடுதான் தலையாட்டினேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

 அவர் வகுப்பில் சொல்லாத ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வேட்டியில் துப்பாக்கியை எங்கே வைப்பது?

இடுப்பில் சொருகலாம் என்பீர்கள். வேட்டியே இடுப்பில் தெய்வச் செயலாக நிற்கிறது. 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வர் போட்டது. விலை 1,22,360 ரூபாய், எடை அரைக் கிலோ. இலேசானது என்றே அதை விளம்பரம் செய்தார்கள். அரைக் கிலோ துவரம்பருப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குள் நாலு எட்டு நடந்து பாருங்கள். பிறகு பேசலாம்.

அகலப் பச்சை பெல்ட் இருக்கிறதே என்பீர்கள். அதில் ஏற்கெனவே பணம், பிரஷர் மாத்திரை, ஆதார் நகல், மடித்து மடித்து நைந்துபோன ஒரு அடகுச் சீட்டு எல்லாம் குடியிருக்கின்றன. பித்தானைத் திறந்து கண்டக்டருக்குச் சில்லறை எடுத்துக் கொடுப்பதற்குள் சாத்தூர் வந்துவிடும். கரடி சாத்தூர் வரை காத்திருக்காது.

பட்டாபட்டி டிராயரில் ஆழமான பை உண்டு. பத்திரமான இடம்தான். ஆனால் எடுக்க வேண்டுமென்றால் வேட்டியை எந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்று யோசியுங்கள். அது பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்கும் பாதை. சட்டைப் பையில் வைத்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனியும்போது போன் விழுகிற மாதிரியே அதுவும் விழும். போன் விழுந்தால் கண்ணாடிதான் உடையும். மஞ்சப்பையில் போடலாம். தேங்காய், பழம், சூடம், எலுமிச்சைச் சாதப் பொட்டலம் இவற்றோடு துப்பாக்கி. அவசரத்தில் கைவிட்டால் முதலில் அகப்படுவது வாழைப்பழமாகத்தான் இருக்கும். அதைக் கரடியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் மனிதனை வருகிறவர்கள் சித்தர் என்று நினைத்துக் காலில் விழுந்துவிடுவார்கள்.

சகலை மாதிரி நெஞ்சில் கட்டலாமே? சட்டைக்கு மேல் கட்டினால் மலையடிவாரத்திலேயே பிடித்துப் போவார்கள். உள்ளே கட்டினால் ஐந்து பித்தான் கழற்ற வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறுவோம். எதிரே மதிக்கத்தக்க ஆள் வந்தால் நம் கை யாரையும் கேட்காமல் மடிப்பை இறக்கிவிடும். தலைவர், வாத்தியார், சம்பந்தி, யாராயிருந்தாலும் இதுதான் பழக்கம். நூறு கிலோ எடையில், உடம்பெல்லாம் கறுப்பு முடியோடு, நெஞ்சில் வெள்ளைப் பட்டை தீட்டிக்கொண்டு ஒருவர் எதிரே வந்து நின்றால் நிச்சயம் இறக்கும். இறக்கிய வேட்டியோடு ஓடவும் முடியாது, சுடவும் முடியாது.

"சாவி வச்ச இடமே தெரியாத மனுசனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. விவாதம் அங்கே ஒரு கட்டம் முடிந்தது.

சட்டம் இன்னும் அழகு. சதுரகிரி இருப்பது 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில். தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது 1972-ஆம் வருஷச் சட்டம். தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு சுட்டால் குற்றமில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் வேறொரு குற்றம் செய்துகொண்டிருந்தால் அந்தச் சலுகை இல்லை. துப்பாக்கியோடு உள்ளே வந்ததே குற்றம்! இது போக, சுட்ட கரடி அரசாங்கச் சொத்து. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேர்தல் நடத்தை விதி கரடிக்குப் பொருந்துமா என்று சகலையிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் புள்ளிவிவரத்தை எடுத்தார். அலாஸ்காவில் டாம் ஸ்மித் என்பவரும் கூட்டாளிகளும் 269 கரடிச் சம்பவங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். அதில் கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலித்ததாம். உண்மைதான். துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் அடிபட்டதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அதே ஆராய்ச்சி சொல்வதை மட்டும் அவர் சொல்லவில்லை. நம்மூர்க் கரடிக்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை. கறையான் புற்றுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருக்கும்; பக்கத்தில் போய் மிதிக்கிற வரை தெரியாது, தெரிந்ததும் பயத்தில் பாயும். உறையிலிருந்து உருவ நேரம் எங்கே இருக்கிறது?

கரடியை நான் கேலி செய்யவில்லை. 2022 நவம்பரில் கடையம் பக்கம் பைக்கில் மசாலா விற்கப் போனவரையும், காப்பாற்ற ஓடியவர்களையும் கரடி முகத்தைக் குதறிப் போட்டது. மயக்க ஊசி போட்டுப் பிடித்த கரடியும் பிறகு செத்துப்போனது. சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துப் போனது. தண்ணீரை எந்த எம்.எம்.மால் சுடுவது?

எனக்கு உண்மையான கடுப்பு வேறு. எங்கள் கரிசலுக்குக் கரடி வரப்போவதில்லை. தினம் வருவது காட்டுப்பன்றி. குருமலைப் பக்கம், எட்டயபுரம், விளாத்திகுளம் என்று மக்காச்சோளம் போட்டவனிடம் கேளுங்கள். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் ராத்திரி குடும்பத்தோடு வந்து, தின்பது கொஞ்சம், சாய்ப்பது முழுக்க. 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றைத் தாண்டினால் வனத்துறை சுடலாம். அதற்கும் வி.ஏ.ஓ., வனவர், பஞ்சாயத்துத் தலைவர் மூவரும் கூடிப் பரிந்துரைக்க வேண்டும். மூன்று பேரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ப்பதற்குக் கல்யாணமே வைத்துவிடலாம். அதற்குள் பன்றி அறுவடையை முடித்துவிடும். இதைப் பற்றி வகுப்பெடுக்க எந்த ஊரிலிருந்தும் யாரும் வரக் காணோம்.

சம்சாரிகளிடம் இப்போதைக்கு இருக்கும் ஆயுதம் பழைய சேலை. வேலியைச் சுற்றிக் கட்டினால் காற்றில் ஆடும். ஆள் நிற்கிறதென்று பன்றி இரண்டு நாளாவது யோசிக்கும். உங்கள் வீட்டில் பழசு கிடந்தால் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், புஞ்சை வைத்திருக்கிற யாரிடமாவது கொடுங்கள். நைலக்ஸ் சேலை நல்லது, மழைக்கு இற்றுப்போகாது. அடர்ந்த சிவப்பாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள்.