தலைப்பு தரப்படும்

வன்னி தட்டை நிலம். வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை கண்டி வீதியில் வந்தால் காடு, வயல், குளம், திரும்பவும் காடு. மலை என்று பேர் வைத்த குன்றுகள் சில உண்டு. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை போன்றவற்றை இப்போது நீதிமன்ற வழக்குகளில்தான் அதிகம் காணலாம். ஆனாலும் எங்கள் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துப் படம் கீறச் சொன்னால் இரண்டு பெரிய மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் ஓட்டு வீடு. நானும் அப்படித்தான் கீறினேன். இப்போது என்னிடம் சித்திரம் படிக்கிற பிள்ளைகளும் அதையே கீறுகிறார்கள். இந்த மலையை எங்களுக்கு யார் தந்தது என்று எனக்குத் தெரியாது. மற்றத் தலைப்புகளை யார் தந்தார்கள் என்று நன்றாகத் தெரியும்.

2002இல் சமாதானம் வந்தது. கண்டி வீதி திறந்தது, அதோடு பேஸ்ரல் பெட்டியும் தாராளமாக வந்தது. அந்தக் காலத்துச் சித்திரப் போட்டிகளை இரண்டாகப் பிரிக்கலாம். வெள்ளை வாகனத்தில் வந்தவர்கள் நடத்தியதில் தலைப்பு ‘சமாதானம்’. இயக்கத்து ஆட்கள் நடத்தியதில் தலைப்பு ‘மண்’. காலையில் புறா கீறிய அதே கை பின்னேரம் கார்த்திகைப்பூ கீறும். வெள்ளைத் தாளில் வெள்ளைப் புறாவைக் கீறுவது லேசான வேலையில்லை. வானம் முழுக்க நீலம் பூசி, புறாவுக்கு மட்டும் இடம் விடவேண்டும். நீலம் முடிந்துபோனால் சமாதானமும் அரைவாசியில் நின்றுவிடும். கார்த்திகைப்பூவில் அந்தப் பிரச்சினை இல்லை. சிவப்பும் மஞ்சளும் எங்கும் கிடைத்தன.

2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. அடுத்த சில மாதங்களுக்கு எல்லோருக்கும் ஒரே தலைப்பு, அலை. நாங்கள் விசுவமடுப் பக்கம், குளத்து ஆட்கள். குளத்தில் அலை அடிப்பதைப் பார்த்துத்தான் கடலைக் கீறினோம். கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒருத்தி மட்டும் அலையே கீறவில்லை. ஒரு கட்டுமரம், அதன் மேல் ஒரு சேவல். மத்தியஸ்தராக வந்தவர் ‘தலைப்புக்குப் பொருத்தமில்லை’ என்று அதை ஒதுக்கிவிட்டார்.

அந்த வயதில் நான் பார்த்த கலைகளில் மிகத் திறமானது தெருவெளி நாடகம்தான். இதைச் சொன்னால் இப்போது சிலருக்குக் கோபம் வரும், சிலருக்குச் சந்தோசம் வரும். இரண்டும் வேண்டாம். பறை அடித்துக்கொண்டு பாடசாலை மைதானத்துக்கு வருவார்கள். திரை இல்லை, மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து பங்கராகவும் படகாகவும் பாலை மரமாகவும் மாறுவார்கள். அழாமல் பார்க்கமுடியாது. ஆனால் நாடகம் முடிந்து இயக்கத்துக்கு ஆள் கேட்கிற கட்டம் வரும்போது திரும்பிப் பார்த்தால் உயர்தர வகுப்பு அண்ணாமாரைக் காணக்கிடைக்காது. பின்வேலிக் கம்பி ஆடிக்கொண்டிருக்கும். பிறேசில் நாட்டு அகஸ்தோ போவால் என்பவர் பார்வையாளரை நடிகராக்கும் அரங்கு ஒன்றை உருவாக்கினார் என்று பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் படித்தேன். விரிவுரையாளர் அதைப் புதிய விசயமாக விளக்கினார். வன்னிப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சமூகப் பிரக்ஞை என்ற பேரே இல்லாமல் நான் பார்த்தது அம்மப்பாவோடு போன கூத்துகளைத்தான். முல்லைத்தீவில் கோவலன் கூத்துக்கென்று தனி மோடி உண்டு. விடிய விடிய ஆடுவார்கள். வற்றாப்பளை அம்மனின் கதை என்பதால் சனம் பார்வையாளராக இருக்காது, அடியாராக இருக்கும். கண்ணகி சிலம்போடு வந்து அரசனைக் கேள்வி கேட்கும் இடத்தில் நித்திரையான கிழவிகளும் எழும்பி இருப்பார்கள். அரசைப் பார்த்து ‘நீ கொன்றாய்’ என்று ஒரு பெண் சொல்வதை நான் முதலில் கேட்டது அங்கேதான். அதற்கு எவரும் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதவில்லை.

பிறகு 2009. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் மெனிக் பாமுக்கு வந்து சேர்ந்தோம் என்பதோடு நிறுத்துகிறேன். அங்கே முகாம் பிரிவுகளுக்குத் தமிழ்ப் பெரியவர்களின் பேர் வைத்திருந்தார்கள். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர். எங்கள் ரென்ற் இருந்தது ஆனந்தகுமாரசாமி முகாமில். இலங்கையில் பிறந்து, 1908இல் சிங்களக் கைவினைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதி, 1918இல் சிவ நடனத்தைப் பற்றி எழுதிக் கீழைத்தேயக் கலையை மேற்குக்கு விளங்கப்படுத்திய மனிதர். அவருடைய பேரில் ஒரு முட்கம்பி வேலி, அதற்குள்ளே தண்ணீருக்கு ஒரு நீண்ட வரிசை. குமாரசாமி யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. ‘ஆனந்தம் என்று பேர் வைச்சிருக்கிறாங்கள் பார்’ என்று அம்மா சொன்னது மட்டும் ஞாபகம்.

முகாமுக்குள்ளும் சித்திரப் போட்டி வந்தது. போட்டி என்று சொல்லவில்லை, உளவளச் செயற்பாடு என்றார்கள். ‘மனசில வாறதைக் கீறுங்கோ’ என்றார்கள். முதன்முதலாகத் தலைப்பில்லாத தாள். நாங்கள் என்ன செய்தோம்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, வீடு. வந்த அக்காவின் முகம் வாடிப்போனதைக் கண்டோம். ஒரு தம்பி மட்டும் கிபிர் விமானம் கீறி, கீழே கறுப்பும் சிவப்புமாகக் கிறுக்கியிருந்தான். அக்கா அவனுக்குப் பக்கத்தில் வெகுநேரம் இருந்து கதைத்தார், தலையைத் தடவினார், பிஸ்கற் பைக்கற் ஒன்றும் கொடுத்தார். அடுத்த தடவை அவர் வந்தபோது கூடாரம் முழுக்கக் கிபிர். நானும் ஒன்று கீறினேன். செட்டை சரியாக வரவில்லை. பிஸ்கற் கிடைத்தது.

முகாமை விட்டு வெளியே வந்த கையோடு சாதாரண தரப் பரீட்சை. சித்திரப் பாடத்துக்கு சீகிரிய ஓவியம், இசுருமுனியக் காதலர், சந்திரவட்டக்கல். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது நாலும் இருக்கும். பொலனறுவைக்கு வரும்போது எருது காணாமல் போய்விடும். ஏன் என்று விளக்குக. எங்கள் வீட்டு மாடுகள் எந்த இடத்தில் காணாமல் போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எருதைப் பற்றி நன்றாக எழுதினேன். நல்ல பெறுபேறு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிக்கப் போனபோது அந்தப் பகுதியும் இராமநாதன் பேரில் இருந்தது. ‘அடுத்த முகாமுக்கு மாறிப்போறன்’ என்று அம்மாவுக்குப் பகிடி விட்டேன். அங்கேதான் சமூகப் பிரக்ஞையுள்ள கலை என்ற சொல்லை எழுத்துப் பிசகாமல் எழுதப் பழகினேன். எங்கள் அணியில் கீறப்பட்ட முட்கம்பியை நீட்டி வைத்தால் பரந்தன் வரை போகும். தலையில்லாப் பனை, சப்பாத்து, கண்ணீர்த் துளிக்குள் இலங்கை வரைபடம். தேர்வாளர்கள் தலையாட்டினார்கள். பிஸ்கற் இல்லை, புள்ளி.

நிறுவல் கலையைப் பற்றிய வகுப்பில் ‘இலங்கையில் ஓர் உதாரணம் சொல்லுங்கோ’ என்று கேட்டபோது, பின்வாங்கில் இருந்த கிளிநொச்சிப் பெடியன் எழும்பி, ‘எங்கட தண்ணித் தாங்கி, சேர்’ என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் யோசித்தால் அவன் சொன்னதில் என்ன பிழை? யுத்தத்தில் விழுத்தப்பட்ட பென்னாம் பெரிய தாங்கி, கண்டி வீதியோரம் சரிந்து கிடந்தது. அதற்கு வேலி, அறிவிப்புப் பலகை, பக்கத்தில் கடை. தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த சனம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனது. சற்றுத் தள்ளி வெற்றிச் சின்னம். சாம்பல் நிறக் கொங்கிறீற் கனசதுரத்தைக் குண்டு துளைத்திருக்க, உச்சியில் தாமரை மலர்ந்திருக்கிறது. இதைவிடப் பெரிய செலவில் எங்கள் பக்கத்தில் நிறுவல் கலை நடக்கவில்லை. தலைப்பு எங்களைக் கேட்டு வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மனசை அசைத்த வேலைகளும் அந்தக் காலத்தில் கண்டேன். ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முழுமையற்ற தோம்பு’ நூலைப் பல்கலைக்கழகத்தில்தான் முதலில் புரட்டினேன். வீடிழந்த எண்பது பேர் தங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து கீறிக் கொடுத்திருக்கிறார்கள். முட்கம்பி இல்லை, கண்ணீர்த் துளி இல்லை. அடுப்படி எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து எங்கள் பழைய வீட்டைக் கீறச் சொன்னேன். கிணறு கிழக்கா வடகிழக்கா என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பெரிய சண்டை. ஒரு பின்னேரம் முழுக்கக் கதையில்லை. ஒரு கலைப்படைப்பு இரண்டு பேரை இவ்வளவு தூரம் உசுப்பியதை நான் எந்தக் கண்காட்சியிலும் காணவில்லை.

கொழும்பில் ஓவியர் சந்திரகுப்த தேனுவர பீப்பாய்களைக் கலையாக்கியதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. 1997இல் சோதனைச் சாவடிப் பீப்பாய்களைப் பார்த்து அவர் ‘பீப்பாயியம்’ என்று ஒரு வகையே தொடங்கினார். ஒவ்வொரு ஆடியிலும் 1983ஐ நினைத்துக் கண்காட்சி வைப்பவர். நாங்கள் அந்தப் பீப்பாய்களுக்கு நடுவே அடையாள அட்டையோடு நின்ற ஆட்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அவற்றைப் பார்த்து ஒருநாளும் ‘வடிவு’ என்று நினைத்ததில்லை. ஆனால் எங்களைப் பயப்படுத்திய பொருளைத் தெற்கில் இருந்த ஒருவரும் பயத்தோடு பார்த்திருக்கிறார் என்பது நல்ல செய்தி.

இறுதி ஆண்டு வேலைக்கு நான் சீலைகளால் மண்மூட்டை தைத்தேன். கடைசி யுத்தத்தில் பங்கருக்குச் சாக்கு இல்லாமல் சனம் நல்ல சீலைகளை வெட்டித் தைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவற்றை அடுக்கி, நடுவில் ஒரு ஆள் குந்தியிருக்க இடம் விட்டேன். பார்க்க வந்த கொழும்புப் பெண் ஒருவர் நிறங்களின் இசைவைப் பாராட்டினார். மற்றவர் பெண்ணுடல், நிலம், சேலை என்று என்னிடமே என் வேலையை நெடுநேரம் விளக்கினார். அம்மாவும் வந்திருந்தார். குனிந்து ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்தார்.

‘ஆர் பிள்ளை இதைத் தைச்சது?’

‘நான்தான்.’

‘ஒத்தை ஓட்டம் ஓடியிருக்கிறாய். அதிர்ச்சிக்கு மண் கொட்டுண்டு போயிடும். ரெண்டா மடிச்சுத் தைக்கோணும்.’

இன்றுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுவே திறமானது. இப்போது தர்மலிங்கம் வினோஜா, ஹேமா ஷிரோனி போன்ற கலைஞர்கள் துணியிலும் நூலிலும் நிலத்தையும் வீட்டையும் இடப்பெயர்வையும் தைக்கிறார்கள். அவர்களின் தையலை நான் கிட்டப் போய்ப் பார்ப்பது அம்மாவின் கண்ணால்தான். அவர்கள் கெட்டியாகத் தைக்கிறார்கள்.

2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். அதற்குப் பிறகு தலைப்புகள் மாறின. ‘நிலைமாறுகால நீதி’, ‘நல்லிணக்கம்’, ‘நினைவுகூரல்’. விடுதி மண்டபத்தில் பட்டறை, வரவுப் பதிவு, சோத்துப் பார்சல், கடைசியில் கைகோத்த படம். கொட்டிலில் மாட்டியிருந்த படங்களை ஒரு காட்சிப்படுத்தலாகப் பார்க்கமுடியும் என்று ஒரு பட்டறையில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் அந்தத் தாய்மாரைக் கண்ணகியோடு ஒப்பிட்டார். இந்த ஒப்பீடு கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன ஒன்று. ஆனால் அன்று பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: ‘கண்ணகிக்கு மனுசன் செத்தது தெரியும் தம்பி.’ பிறகு தேநீர் இடைவேளை விட்டார்கள்.

2019 கடைசியில் நாடு முழுக்கச் சுவர்களுக்கு வர்ணம் பூசும் காய்ச்சல் பிடித்தது. ஜனாதிபதி மாறிய புதிது. எங்கள் பக்கமும் இளைஞர்கள் தூரிகையோடு இறங்கினார்கள். தலைப்பில்லை, தாராளமான சுவர். கீறியது மயில், மான், நீர்வீழ்ச்சி. நீர்வீழ்ச்சிக்கு மலை வேண்டுமே, அதுவும் வந்தது. மூன்று வருசம் போகவில்லை, அதே ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பக் காலிமுகத்திடலில் வேறு படங்கள் கீறினார்கள். அங்கே 2022 மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சியும் கொடுத்தார்கள். அதை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது பாடசாலையில் தாள் இல்லை, பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கீறவிட்டேன்.

இப்போதைய தலைப்புகள் போதையற்ற சமூகம், பிளாஸ்ரிக்கைத் தவிர்ப்போம், டெங்கை ஒழிப்போம். அன்றைக்கு எங்களுக்குத் தலைப்பு கொடுத்தவர்கள் இன்று இல்லை. சுற்றறிக்கை இருக்கிறது, அதை வகுப்பில் வாசிப்பது நான். பிள்ளைகள் போனில் தேடி, யாரோ எங்கோ கீறிய உலக உருண்டையைக் கண்ணீர் விடவைத்துக் கொண்டுவருகிறார்கள். போனமாதம் ‘எங்கள் சூழலைக் காப்போம்’ என்று ஒரு போட்டி வந்தது. பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் மலை கீறவில்லை, உருண்டை கீறவில்லை. இருட்டில் ஒரு ஆறு, ஆற்றுக்குள் பாதி இறங்கிய டிப்பர், மண் அள்ளும் ஆட்கள், கரையில் கைப்போன் வெளிச்சத்தோடு காவலுக்கு ஒருவன். கள்ள மண் ஏற்றுகிற காட்சி. டிப்பரின் பின்கதவுக் கொழுக்கிகூடச் சரியாக இருந்தது. இவ்வளவு காலத்தில் ஒரு பிள்ளை தலைப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் ஊரைக் கீறிக் கண்டது எனக்குப் பெருமையாகப் போய்விட்டது.

‘எப்பிடியடா இவ்வளவு நுணுக்கமாக் கீறினாய்?’

‘நான்தானே ரீச்சர் லைற் பிடிக்கிறனான். அப்பான்ர டிப்பர்.’

படத்தை வாங்கி மேசையில் வைத்து இன்னொரு தரம் பார்த்தேன். மாவட்ட மட்டத்துக்குப் போகக்கூடிய படம். அங்கே மத்தியஸ்தர்களோடு அதிகாரிகளும் வருவார்கள்.

‘நல்லாயிருக்கு’ என்றேன். ‘நம்பர் பிளேற்றை மட்டும் அழிச்சுப்போட்டுத் தா.’